கத்துகிற அடுப்பு

யார் வீட்டுக் குசினிக்குள் நுழைந்தாலும் றபீக்கா ராத்தா முதலில் சட்டிகளைக் கவிழ்த்துவிடுவார். கைப்பையிலிருந்து காந்தத்துண்டை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாமல் விழுந்தால், "அலுமினியச் சட்டிய வெச்சா அடுப்பு கத்தாம பாட்டா படிக்கும்?" என்பார்.

எங்கள் காத்தான்குடிக்கு அந்த அடுப்புகள் குவைத்திலிருந்தும் கட்டாரிலிருந்தும் வருகின்றன. நெருப்பில்லை, கண்ணாடித் தட்டும் கரண்ட் வயரும்தான். காந்தம் ஒட்டுகிற சட்டி வைத்தால்தான் சூடேறும், இல்லாவிட்டால் 'பீப், பீப்' என்று கத்தும். புருசன் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்குள் திருத்துவதற்கு ஓர் ஆம்பிளையை விட முடியுமா? ராத்தா குவைத்தில் வருசக்கணக்காய் இந்த அடுப்பில் சமைத்தவர். ஆகவே அவரே எங்கள் டாக்டர். அடியில் காற்றுப் போகும் துவாரத்தைக் கரப்பான் அடைத்திருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் துடைப்பார். "இதுக்கும் மூச்சு விடோணும் கா."

இந்தச் சண்டைக் காலத்தில் வீட்டுக்குள் எது 'பீப், பீப்' என்றாலும் எங்களுக்குக் குண்டு என்றே தோன்றும். பக்கத்து வீட்டு றஸீனா, கத்திய அடுப்பைத் தூக்கிக் கிணற்றுக்குள்ளேயே போட்டுவிட்டாள். சிரிக்காதீர்கள், நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

போன மாதம் ராத்தாவோடு பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதிக்குப் போனேன். குவைத்தில் அவரோடு வேலைசெய்த சீதேவியின் அடுப்பு கொஞ்ச நேரம் சூடேறும், பிறகு கத்திக்கொண்டு நின்றுவிடும். அன்று அங்கே கரண்ட் இல்லை. ராத்தாவின் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று அடுப்பைச் சீலையில் சுற்றி ஓட்டோவில் ஏற்றினோம். அப்போதுதான் சீதேவி சொன்னாள்: "ஆரோ ஒரு பொடியன் திருத்தித் தாறனெண்டு கொண்டுபோய் ரெண்டு கிழமை வெச்சிருந்தான் கா. ஆரெண்டு தெரியா."

அவன் உள்ளே குண்டு ஏதும் வைத்திருப்பானோ என்று ராத்தா சீலைப் பொதியையே பார்த்தார். ஆனாலும் சிநேகிதியிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சீலையை அவிழ்த்தான். அடித் துவாரத்தினூடே சுருண்டு கிடந்த செம்புக் கம்பியைக் கண்டதும் துவக்கை நீட்டினான்.

"என்ன இது? பொம்ப?"

"அடுப்பு மாத்தயா, அடுப்பு."

"அடுப்பெண்டா தண்ணி கொதிக்க வெச்சிக் காட்டு!"

சாவடிக்குள்ளே ஒரு பிளக் இருந்தது. ஆமிக்காரர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு மண்மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். துவக்குகள் எல்லாம் ராத்தாவின் பக்கம். அந்தப் பொடியன் அடுப்புக்குள் என்ன வைத்தானோ, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றும் வைக்காவிட்டாலும், தண்ணீர் கொதிக்குமுன் அது கத்தினால் சுட்டுவிடுவார்கள். யா அல்லாஹ்!

ராத்தா என்னிடம் வந்தார். முக்காட்டுக்குள் கைவிட்டு இரண்டு தோடுகளையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "சபீனாட்டக் குடுங்க." சபீனா அவருடைய ஒரே மகள்.

திரும்பிப் போய், அவர்களுடைய பால்மா டின்னின் அடியில் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். ஒட்டியது. நிரப்பவில்லை. அடுப்பு கத்துமுன் கொதித்துவிடட்டும் என்று அடி நனைகிற அளவுக்கே தண்ணீர் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

வெடிக்கவில்லை. டின்னில் ஆவி வந்தது. தண்ணீர் கொதித்ததும் வயரைப் பிடுங்கிவிட்டார். ஆமிக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "போ, போ."

ஓட்டோ நகர்ந்ததும் தோடுகளை நீட்டினேன். ராத்தா அவற்றைப் பார்த்தார். முன்னால் அடுத்த சாவடிவரை நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தார். "வீடு போய்ச் சேருவம், மறுகா தாங்க" என்று என் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி மூடிவிட்டார்.