தானாக ஆடிய தூளி

தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மா கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ் மில்லில் தவிடு புடைத்தாள். மில்லுக்குள்ளேயே உத்தரத்தில் பழைய புடவையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பாள். பெல்ட்டுகளைச் சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டும் அதே உத்தரத்தில்தான் தொங்கியது. தூளி ஆட்டுவது என் வேலை.

ஆடி மாதம் எனக்கு விடுதலை கிடைத்தது. மிஷின் ஓடத் தொடங்கியதும் தூளி தானாகவே குலுங்கியது; தம்பி தூங்கிப்போனான். கைப்பிள்ளைக்காரிகள் இன்னும் இரண்டு பேர் பக்கத்திலேயே தூளி கட்டினார்கள். முதலாளி கூலியில்லாமல் ஓர் ஆள் வைத்துக் கொடுத்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். சர்க்கரை ஆலையில் மிஷின்களின் அதிர்வை அளக்க வந்திருந்த சேலத்துக்காரர் ஒருவர் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார். முதலாளிக்குத் தெரிந்தவர் என்பதால் எங்கள் மில்லில் தங்கினார். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே உள்ளே வந்தவர், தூளிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

யார் ஆட்டுவது என்று அம்மாவிடம் கேட்டார்.

"யாரும் ஆட்டல சார். மிஷினு ஓடுனா அதுவே ஆடிக்கினு இருக்கும்."

"எப்ப இருந்துங்க?"

"ஆடிலேர்ந்து. முன்ன இவதான் ஆட்டுவா. இப்ப ஜாஸ்தியாவே ஆடுது, நல்லாத் தூங்குறான்."

அவர் பையிலிருந்து முள் வைத்த ஒரு பெட்டியை எடுத்தார். அதன் ஒயர் முனையை உத்தரத்தின் ஒரு கோடியில் வைத்தார்; முள் லேசாக அசைந்தது. தூளிகளுக்கு மேலே, தண்டைத் தாங்கும் பேரிங்கில் வைத்தார். முள் கடைசிவரை ஓடியது. பேரிங் போய்விட்டது, தண்டு கீழே விழும், உடனே மிஷினை நிறுத்துங்கள் என்றார். முதலாளி ஒப்பவில்லை. சேலத்திலிருந்து பேரிங் வர ரோடு திறக்க வேண்டும், அதுவரை இத்தனை பேர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்றார். எப்போது விழும் என்று கேட்டார்.

"இன்னிக்கும் விழலாம், அடுத்த மாசமும் விழலாங்க. தெரியாதுங்க."

அம்மா மேலே பார்த்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள். மற்ற இருவரும் பிள்ளைகளோடு பின்னால் போனார்கள். புடைக்க ஆளில்லாமல் போனதும் முதலாளி சுவிட்சை அணைத்தார். கழற்றிப் பார்த்தபோது பேரிங்குக்குள் குண்டுகள் நொறுங்கிக் கிடந்தன. தண்டு அந்த இடத்தில் பாதிக்கும் மேல் தேய்ந்திருந்தது.

ரோடு திறக்கும்வரை மில் ஓடவில்லை, கூலியும் இல்லை. வீட்டில் ஒரு வேளைக் கஞ்சிதான். நான் மறுபடி தூளி ஆட்டினேன், அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே. ஓட்டல்களும் மூடியிருந்ததால் அம்மா தினமும் மில்லுக்கே கஞ்சி கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தாள். தெளிவை எங்களுக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய கெட்டியை எங்கள் பிழைப்பை நிறுத்திய அவருக்கு ஏன் வழித்துப் போடுகிறாள் என்பது எனக்கு அப்போது விளங்கவேயில்லை.