சுபைதா சாச்சி ஐஸ் ஹொக்கி பார்த்த கதை

டிஷ் பூட்டுறது தனியாளா செய்யிற வேலை இல்ல. கூரையில ஒருத்தன் ஆட்ட, கீழ ஒருத்தர் கத்த, ரெண்டு பேருமாச் சேர்ந்து செய்யிற வேலை. உங்கட வீட்டுலயும் நடந்திருக்கும். "வந்திட்டா?" "இல்ல." "இப்ப?" "வந்திட்டு, வந்திட்டு... ஐயோ, போயிட்டு!" அந்தப் "போயிட்டு"க்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வெயில்ல காய்ஞ்ச ஆக்கள் ஆரும் இத வாசிச்சா, நீங்க என்ட ஆள்தான்.

எனக்கு சாய்ந்தமருதுல கடை. கல்முனை தொடக்கம் நிந்தவூர் மட்டும் நான் ஏறாத கூரை இல்ல. என்ட ரெண்டு முழங்காலும் அதுக்குச் சாட்சி. இந்தத் தொழில்ல ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கெதியா இறங்கிப் போறதுக்காக, சனம் என்ன கேட்டாலும் அவங்களுக்குப் பிடிச்ச பதிலச் சொல்லுறது. மழைக்குத் தாங்குமா? தாங்கும். காத்துக்கு ஆடுமா? சே, ஆடாது. அப்படி நான் சொன்ன ஒரே ஒரு "ஓம்", ஒரு உம்மாட மகனுக்கு ஜனாஸாத் தொழுகை நடக்க விடாமத் தடுக்கப் பார்த்திச்சு. அதச் சொல்லத்தான் இவ்வளவும்.

கீழ இருந்து வந்த குரல்

அதுக்கு முதல் நிந்தவூர் வீட்டக் கொஞ்சம் கேளுங்க. ரிட்டயர் ஆன மாஸ்டர் ஒருத்தர்ட வீடு. பின்னேரம், அஸர் நேரம். நான் கூரையில நிண்டு டிஷ்ஷ ஆட்டுறன், மாஸ்டர் கீழ நிண்டு சொல்லுறார். இடையில கொஞ்சம் சத்தமில்ல. மறுகா, "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்... ஆ, போதும், தெளிவா இருக்கு" எண்டு குரல் வந்திச்சு. இறுக்கினன், இறங்கினன். முன் கதவு வெளியால பூட்டிக் கிடக்கு. ஜன்னலால பார்த்தா, டீவியில படம் கண்ணாடி மாதிரி ஓடுது.

அந்நேரம்தான் மாஸ்டர் தொப்பியும் தலையுமா சைக்கிள்ல வந்து இறங்குறார். "நீங்க சொன்ன இடத்தில இறுக்கிட்டன் மாஸ்டர்" எண்டன். திறப்பப் பூட்டுக்குள்ள போட்டவர் அதத் திருப்பாம என்னப் பார்த்தார். "நான் அஸர் தொழப் பள்ளிக்குப் போய் அரை மணித்தியாலம் தம்பி, வீட்டுல ஆரும் இல்ல. நீங்க ஆரோட கதைச்சீங்க?"

கடலைப் பார்த்த டிஷ்

சுபைதா சாச்சி எங்கட கடற்கரைப் பக்கத்து ஆள். புருஷன் இல்ல, ஒரே மகன் றிஸ்வான். அவன் கனடாவுக்குப் போய் ஐஞ்சாறு வருஷம். ஒரு நாள் சாச்சி கடைக்கு வந்து, "மனே, ஐஸ்ல விளையாடுற ஹொக்கி வாற சனல் ஒண்டு வேணும்" எண்டா. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. வேர்வையில குளிக்கிற ஊருல ஐஸ் ஹொக்கியாம். ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டு நாம சொல்ல, அங்க சறுக்குறதையே ஒரு விளையாட்டாக்கி வெச்சிரிக்காங்க.

விஷயம் என்னண்டா, றிஸ்வானுக்கு அந்த மைதானத்திலதான் வேலை. ஹொக்கிய மூணு பங்கா விளையாடுவாங்க. ஒவ்வொரு பங்கு முடிய ஐஸ்தரை கீறுப்பட்டுப் போகும். அதுக்கு மேல தண்ணி விட்டு மெழுக ஒரு பெரிய மெஷின் வரும். அத ஓட்டுறவன்தான் எங்கட றிஸ்வான். மகன்ட அணி விளையாடுற ஆட்டம் எல்லாம் பார்க்கணும், ஆட்டத்துக்காக இல்ல, இடைவேளைக்காக. அதுதான் சாச்சிட ஆசை. ஆனா இடைவேளை வந்தா எந்தச் சனலும் விளம்பரத்துக்குப் போயிடும்தானே? ரெண்டு கிழமை தேடினன். கடைசியில, கிழக்கால மிச்சம் தாழ நிற்கிற ஒரு சட்டலைட்டுல விளம்பரமே போடாத ஒரு சனல் அகப்பட்டிச்சு. எட்டடி வலை டிஷ்ஷ ஏத்தி, சரிச்சு, சரிச்சு, கடைசியில அது வானத்தப் பார்க்காம நேரா கடலப் பார்த்துக்கொண்டு நிண்டாப் போலதான் படம் வந்திச்சு.

பக்கத்து வளவு மீன்காரர் மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்தார். சுனாமியில வீடு போன மனிசன். டிஷ்ஷயும் பார்த்தார், கடலயும் பார்த்தார். "டேய், எல்லாரும் மேல பார்த்து வெக்கிறத, நீ என்னத்துக்குக் கடலுக்குத் திருப்பி வெச்சிரிக்காய்? அங்க இருந்து வந்தது போதாதா?"

வெள்ளைத் தரையில ஒரு மெஷின்

அங்க இரவு விளையாடக்குள்ள இஞ்ச விடியும். சுபஹ் தொழுதிட்டு, தொழுத புடவையோட சாச்சி டீவிக்கு முன்னால பாய்ல இருந்தா. முதல் பங்கு முடிஞ்சு விளையாட்டுக்காரர் உள்ள போயிட்டாங்க. கதைக்கிறவனும் கதைய நிறுத்திட்டான். ஆனா ஆரோ நிறுத்த மறந்தாப் போல கமரா மட்டும் அப்படியே நிற்குது. வெறும் வெள்ளை. ஆயிரம் கதிரையிலயும் ஒரு மனிசர் அசையிறதாத் தெரியல்ல. "ஊ" எண்டு ஒரு இரைச்சல் மட்டும். அப்ப ஒரு மூலையால அந்த மெஷின் வந்து மெல்ல மெல்லச் சுத்தத் தொடங்கிச்சு.

கமராவுக்குக் கிட்ட வந்த இடத்தில ஓட்டுறவன் வலக்கைய நெத்திக்கு உயர்த்தினான். தாய்க்கும் மகனுக்கும் போன்ல ஏற்கெனவே பேச்சாம், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ஸலாம். சாச்சி சத்தமாவே "வஅலைக்குமுஸ்ஸலாம் வாப்பா" எண்டா. மறுகா என்னப் பார்த்து, "மனே, இது இப்ப நடக்கிறதுதானே?" எண்டு கேட்டா. எனக்குப் பசி. குறடு, வயர் எல்லாத்தையும் பைக்குள்ள போட்டுக்கொண்டே, "ஓம் சாச்சி, நேரடி. இந்த நிமிஷம்" எண்டன். சாச்சிட முகம் மலர்ந்திச்சே, அத இண்டைக்கும் மறக்கேலா. "அப்ப நான் சொன்ன பதிலும் அவன்ட நெஞ்சுக்கு, கல்புக்குப் போயிரிக்கும்."

றிஸ்வான்ட வொய்ஸ்

ஒரு கிழமையால காத்துக்கு டிஷ் அசைஞ்சிட்டு எண்டு போனன். (ஆடாதெண்டு சொன்னவனும் நான்தான்.) சரிப்படுத்திப்போட்டு, ஆட்டத்தில ஆர் வெண்டது எண்டு போன்ல தட்டிப் பார்த்தா, அந்த ஆட்டம் நடந்து மூணு நாள்! அந்தச் சனல்ல எல்லாமே மூணு நாலு நாளைக்குப் பிந்தித்தான் வருது. ஆட்டம் நடக்கிற அதே நேரத்துக்கே போடுறதால, பழசெண்டு ஆருக்கும் விளங்காது.

எனக்கு வெக்கமாப் போயிட்டு. றிஸ்வானுக்கு விஷயத்த எழுதி அனுப்பி, "உம்மாட்ட நான் சொல்லிடவா?" எண்டு கேட்டன். அவன் என்ன அண்ணன் முறையில காக்கா எண்டுதான் கூப்பிடுவான்; சிரிச்சுக்கொண்டு போன்ல வொய்ஸ் மெசேஜ் ஒண்டு போட்டான். அதக் கேட்டாப் போல என்ட மனசு லேசாயிட்டு. ரெண்டு பேர் தூக்கினா பொய்யும் பாரமில்ல எண்டு நினைச்சிட்டன், மடையன். அவன் சொன்னது இதுதான்: "காக்கா, பழசெண்டு உம்மாட்டச் சொல்லிராதீங்க. நான் இப்ப அந்த மெஷின்ல இரிக்கன் எண்டு நினைச்சாத்தான் அவ நிம்மதியாக் காலச் சாப்பாடு தின்னுறா."

வியாழக்கிழமை

மாரி காலம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், லுஹருக்குக் கிட்ட செய்தி வந்திச்சு. வேலை முடிஞ்சு போகக்குள்ள, றோட்டுப் பனியில வாகனம் சறுக்கி றிஸ்வான் மவுத்தாகிட்டான். இன்னாலில்லாஹி. ஐஸ் மெழுகுறவன ஐஸே எடுத்திட்டு. மையித்த இஞ்ச கொண்டு வரல்ல, அங்கயே அடக்கிட்டாங்க. வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு எங்கட பள்ளியில காயிப் ஜனாஸா தொழுறதெண்டு பேச்சு. மையித்து முன்னால இல்லாமத் தொழுற தொழுகை அது. தூரத்தில போய் மவுத்தான புள்ளைக்கு ஊரால செய்யக் கூடியது அது ஒண்டுதான்.

சாச்சி ரெண்டு நாள் அழுது கிடந்தா. வியாழன் சுபஹுக்குப் பிறகு, பழக்கதோஷத்தில ஆரோ டீவியப் போட்டிரிக்காங்க. வெள்ளைத் தரை. மெஷின் வந்திச்சு. றிஸ்வான் கைய உயர்த்தினான்.

அண்டு காலையில சாச்சிட தம்பி ஜெமீல் காக்கா என்ட கடைக்கு வந்து கதிரையில விழுந்தார். சாச்சி அழுகைய நிறுத்திட்டாவாம். முகம் கழுவி, அடுப்பு மூட்டி, மவுத்து விசாரிக்க வந்த சனத்துக்கெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுத் தேத்தண்ணி குடுக்காவாம். ஆள மாறிச் சொல்லிட்டாங்க, என்ட மகன் இண்டைக்குக் காலையிலயும் வேலைக்கு வந்தான், டிஷ் பூட்டுற புள்ளையே சொன்னான் அது நேரடி எண்டு, எண்டாவாம். பள்ளிக்கும் ஆள் அனுப்பியிருக்கா, தொழ வேணாமெண்டு. போன்ல வந்த மையித்துப் படத்தக் காட்டினா முகத்தத் திருப்புறாவாம். கடைசியில தன்ட அக்கா கேட்டதச் சொன்னார்: "ராத்தா என்னட்டக் கேட்கா, என்ட புள்ள எனக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிரிக்கக்குள்ள அவனுக்கு ஆருடா ஜனாஸா தொழுறது எண்டு. நான் என்ன பதில் சொல்ல?"

வயர்

ஜெமீல் காக்கா ஒரு வழியும் சொன்னார். வெள்ளி காலையில நான் போய் வயரப் புடுங்கிப்போட்டு, சட்டலைட் பழுதாகிட்டு எண்டு சொல்லட்டாம். பொய்க்கு மேல பொய். எனக்கு அது லேசான வேலைதானே. வெள்ளி விடிய நான் போகக்குள்ள சாச்சி டீவிக்கு முன்னால இருக்கா, ஆட்டம் தொடங்கிட்டு. "சிக்னல் கொஞ்சம் பார்க்கணும்" எண்டு ஏணியில ஏறினன். பொழுது அப்பதான் கடலுக்கு மேல வருது. வயரக் கழட்டிக் கையில எடுத்தன்.

கீழ இருந்து சாச்சி கத்துறா: "மனே, நல்லா வருது! ஆட்டாத, அப்படியே விடு!"

வயர் என்ட கையில. நிந்தவூர் வீடு ஞாபகம் வந்திச்சு. எப்படி இறங்கினன் எண்டு தெரியா, ரெண்டு படி தவறிட்டு. உள்ள போனா டீவி நீலமாக் கிடக்கு, சிக்னல் இல்ல எண்டு எழுதியிரிக்கி. சாச்சி அந்த நீலத்தப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டிருக்கா. "இப்பதான் ஸலாம் சொல்லிட்டுப் போறான்" எண்டா. ஜெமீல் காக்கா வாசலத் தாண்டி உள்ள வராம நிற்கார்.

இதுக்கு மேல பொய் சொல்ல எனக்கு ஏலாமப் போயிட்டு. சாச்சிட பாய்க்குக் கிட்ட இருந்து எல்லாத்தையும் சொன்னன். வயரக் கழட்டினது, சனல் மூணு நாலு நாள் பிந்தினது, றிஸ்வான் அனுப்பின வொய்ஸ், எல்லாம். அந்த வொய்ஸயும் போட்டுக் காட்டினன். அழுதது சாச்சி இல்ல, நான். சாச்சி அதக் கடைசி வரைக்கும் கேட்டா. மறுகா, "அப்ப நேத்து நான் பதில் சொன்னது மவுத்தான புள்ளைக்கா மனே?" எண்டு கேட்டா. "ஓம் சாச்சி" எண்டன். அந்த "ஓம்" மட்டும் உண்மை. சாச்சி தம்பியப் பார்த்தா. "ஜும்ஆவுக்குப் பிறகு தொழச் சொல்லு. என்ட புள்ளைய இனியும் காக்க வெக்கேலா" எண்டா. என்னட்ட, "நீ போய் வயரக் கொழுவிட்டு வா" எண்டா.

கொழுவிட்டு வந்து பார்த்தன். ஆட்டம் வந்திட்டு. ஆனா டீவி மூலையில ஓடுற ஆட்ட மணிக்கூட்டப் பார்த்தா, முதல் பங்கே இன்னும் முடியல்ல. இடைவேளைக்கு நேரம் கிடக்கு. மெஷின் அண்டைக்கு அதுவரைக்கும் ஒரு தரமும் வெளிய வரவே இல்ல. நான் சாச்சியப் பார்த்தன். சாச்சி புடவைத் தலைப்ப இழுத்து விட்டுக்கொண்டு, சின்னப் புள்ளைக்குச் சொல்லுறாப் போல மெதுவாச் சொன்னா: "இதுதான் மனே பழசு. வயர் இல்லாமக் கண்டனே, அதுதான் நேரடி."

அண்டைக்குப் பிறகு "இது நேரடியா காக்கா?" எண்டு ஆரும் கேட்டா நான் ஓமெண்டும் சொல்லுறல்ல, இல்லையெண்டும் சொல்லுறல்ல, வயர் கொழுவியிரிக்கா எண்டு மட்டும் ரெண்டு தரம் பார்த்துப்போட்டு, ஏணியத் தூக்கிக்கொண்டு வந்திடுறன்.