நாலுகால் மண்டபத்திலிருந்து எண்பத்திரண்டு மீட்டர்

முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்தேன். அளக்கப் போன இடத்தில் ஒரு டம்ளர் மோர்கூட வாங்கிக் குடித்ததில்லை. இதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையைக் காட்டியே மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் இப்போது என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒரகடம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயர் எழுத மனமில்லை. அங்கே ஒரு பழைய சிவன் கோவில். கருவறையின் பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டு. வாசலில் நீலப் பலகை: பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை. பலகைக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் ஆள் வரும். விமானத்தில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்க ஒருவரும் வந்ததில்லை.

கோவிலுக்குக் கிழக்கே ஏறக்குறைய அறுபது மீட்டர் தள்ளி நாலுகால் மண்டபம் ஒன்று தனியாக நின்றது. உற்சவத்தில் சாமியை இறக்கிவைக்கும் இடம். மற்ற நாளில் கம்பெனி ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருவார்கள். அதன் ஒரு தூணிலும் ஆறு வரி எழுத்து இருந்தது. தபால் வழியில் சரித்திரம் எம்.ஏ. படித்தவன் நான். அந்த ஆறு வரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். அதனாலேயே மண்டபம் என் சொந்தச் சொத்து என்பதுபோல ஒரு எண்ணம்.

பாதுகாக்கப்பட்ட கட்டடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்பது சட்டம். அளந்து சொல்வது என் வேலை. அளப்பது என்றால் டேப்பை இழுப்பது என்று நினைப்பார்கள். அதை செயின்மேன் செய்துவிடுவார். டேப்பின் பூஜ்யத்தை எந்தக் கல்லில் வைப்பது என்று சொல்வதுதான் சர்வேயரின் வேலை.

மண்டபத்துக்குக் கிழக்கே ஒரு பெண்ணின் வீடு. புருஷன் இல்லை. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவள். ஒரு மழையில் மண்சுவர் விழுந்து பாதி வீடு போயிற்று. அவளுக்கு அரசாங்கத் தொகுப்பு வீடு ஒதுக்கீடாகி வந்தது. கோவில் எவ்வளவு தூரம் என்று எழுதி வாங்கி வா என்று பஞ்சாயத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

பூஜ்யத்தை நாலுகால் மண்டபத்தின் கல்லில் வைக்கச் சொன்னேன். எண்பத்திரண்டு மீட்டர் வந்தது.

"சார், கோவிலு அங்க கீது, என் வூடு இங்க கீது. நடுவுல ரெண்டு லாரி திரும்பும் சார்" என்றாள்.

"மண்டபமும் கோவிலோட சேர்ந்ததும்மா."

"அதுல பஸ்ஸுக்குத்தான் சார் குந்திக்கினு இருப்பாங்க. நான்தான் தெனம் பெருக்கி வுடறேன்."

"அதோட அருமை உனக்குத் தெரியாது" என்றேன்.

தினமும் பெருக்குகிறவளிடம் இதைச் சொன்னேன். எண்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒதுக்கீடு வேறு யாருக்கோ போய்விட்டது.

இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியல் என் பையிலேயே இருந்தது. அதில் அந்த ஊருக்கு ஒரே ஒரு சர்வே நம்பர்தான். கோவில் இருக்கும் நம்பர். மண்டபம் நின்றது அடுத்த நம்பரில், புறம்போக்கில். பட்டியல் போட்டவனுக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியாது, அவன் விட்டதை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். எதிரில் நின்றவள் கேன்டீன்காரியாக இருந்ததால்தான் அப்படி நினைக்க எனக்குத் தைரியம் வந்தது.

இது எப்படித் தெரியும் என்றால், அடுத்த வருஷமே மண்டபத்துக்கு வடகிழக்கே ஒரு கிடங்கு கட்ட இரண்டு பேர் வந்தார்கள். கலர் பிளான் கொண்டுவந்தார்கள். அதில் கோவிலைச் சுற்றிப் புல்வெளி, விளக்கு, பெஞ்சு. "ஹெரிட்டேஜ்தான் சார் எங்களுக்கு முதல்ல" என்றார் பெரியவர். என்னைக் கல்வெட்டு படிக்கச் சொல்லி, கைகட்டி நின்று கேட்டார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் வாழ்நாளில் அந்த எழுத்தை ஒருவர் படிக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் உருகிவிட்டேன். பிறகு இளையவர் மெதுவாகக் கேட்டார்: "லிஸ்ட்ல எந்த சர்வே நம்பர் சார் இருக்கு?"

பையைத் திறந்து பட்டியலை எடுத்தேன். பூஜ்யத்தைக் கோவில் மதிலில் வைக்கச் சொன்னேன்.

செயின்மேன் நகரவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "சார், அந்தம்மா வூட்டுக்கு மண்டபத்துலேர்ந்துதான புட்ச்சோம்?"

"சொன்னதச் செய்யுங்க."

"செய்றேன் சார். எந்தக் கல்லுன்னு ஆளப் பாத்துதான் தெரியும்போல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நூற்றுப்பத்து மீட்டர் வந்தது. மண்டபத்திலிருந்து அளந்திருந்தால் எழுபதுகூட வந்திருக்காது. கிடங்கு எழுந்தது. புல்லும் வரவில்லை, பெஞ்சும் வரவில்லை. நான் ஓய்வுபெற்றேன்.

போன மாசம் ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்து மண்டபத்தில் மோதியது. கேள்விப்பட்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி வைத்துத் தூண்களைப் பள்ளத்தில் தள்ளிவிட்டிருந்தார்கள். நான் படித்த தூண் மூன்றாவது வரியில் உடைந்து கிடந்தது. அங்கே நின்று கத்தினேன். வாட்ச்மேன், "பெர்சு, ஓரமா நில்லு, வண்டி வருது" என்றான்.

நேராக ஆபீசுக்குப் போனேன். என் இடத்தில் இப்போது ஒரு இளைஞர். பழைய கோப்பை எடுத்துக் காட்டினார். "சார், மண்டபம் பாதுகாக்கப்பட்ட சின்னம் இல்லன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? நாங்க எதை வச்சு கேஸ் போட?"

என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

"மண்டபத்துக்குக் கிழக்க ஒரு அம்மா தொகுப்பு வீடு கேட்டாங்களே, அந்தக் கோப்பு?" என்று கேட்டேன். அதையும் எடுத்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "இதுல மண்டபம் பாதுகாக்கப்பட்டதா இருக்கு சார். இப்ப அந்தம்மா வந்து கேட்டாலும் எண்பத்திரண்டு மீட்டர்தான். கட்ட முடியாது."

பள்ளத்தில் கிடக்கும் கல்லிலிருந்து எண்பத்திரண்டு மீட்டர்! லாரிக்கு முன்னால் நிற்க முடியாத மண்டபம் அவள் வீட்டை மட்டும் மறித்து நின்றுகொண்டிருந்தது. அந்த இளைஞரைத் திட்டினேன். அவர்மேல் என்ன தப்பு? கடைசியில் அவரே வழி சொன்னார்: வீட்டுக்காரி மனுப் போட்டு, நான் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மறுபடி அளக்கலாம், புதிதாக ஒதுக்கீடு கேட்கலாம்.

அவள் பெயரில் மனுவை நானே டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். நின்ற இரண்டு சுவர்மேல் பழைய பிளெக்ஸ் பேனரைத் திருப்பிப்போட்டுக் கட்டி அதற்குள் இருந்தாள். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அட, மண்டபத்து சாரு! வா சார். குந்தறதுக்கு மண்டபந்தான் இல்ல."

நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். மனுவை வாங்கி, விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்னு போட்டுக்கீற."

"வழக்கமா எழுதறதும்மா."

"அளந்தது யாரு?"

"நான்."

"தப்பா அளந்தது?"

"அளவு சரிதாம்மா. ஆரம்பிச்ச எடம்தான்…"

"பாத்தியா, இன்னமும் எனக்குப் பாடம் எடுக்கற. நான் இன்னாத்துக்கு சார் தாழ்மையா கேக்கணும்? தாழ்மையா நீ எழுது, நான் கீழ கையெழுத்து போடறேன்."

டைப் அடித்ததை மடித்து வைத்துவிட்டேன். பழக்கத்தில் பையில் டேப் இருந்தது. "புடி, என் கண்ணு முன்னாடி அள" என்றாள். பூஜ்யத்தை நான் கோவில் மதிலில் பிடித்தேன். மறுமுனையை அவள் இழுத்துக்கொண்டு நடந்தாள். முப்பது மீட்டர் டேப். அது முடிந்த இடத்திலெல்லாம் காலால் மண்ணில் கோடு கிழித்தாள். உடைந்த தூண்கள் கிடந்த பள்ளத்தைச் சுற்றாமல் நேராக இறங்கி ஏறினாள். அவள் சுவருக்கு நூற்று நாற்பத்தொன்று வந்தது.

அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். "படி" என்றாள். படித்தேன். முதல் அளவை, கவனக்குறைவால், பட்டியலில் இல்லாத மண்டபத்திலிருந்து தொடங்கிவிட்டேன் என்ற இடம் வந்தது.

"கவனக்கொறவா?"

அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே "தெரிந்தே" என்று எழுதினேன். அதன் பிறகுதான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபீசில் அந்த இளைஞர், அடித்தல் திருத்தல் இல்லாமல் வேறு தாளில் எழுதித் தரச் சொன்னார். முடியாது என்றேன். அப்படியே வாங்கிக்கொண்டார். மழைக்கு முன்னால் வந்து அளப்பார்களாம். யார் வந்தாலும் நான் போய் நிற்பேன். பூஜ்யத்தை எந்தக் கல்லில் வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.