பத்துக்கு எவ்வளவு வலி

யோகலட்சுமி திருத்தணியில் எங்கள் மருத்துவமனையின் ஆபரேஷன் வார்டு நர்ஸ். பதினாறு வருடமாக இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்க்கிறாள். யாராவது கேட்டால் "பழகிப்போச்சு" என்பாள். பழகவெல்லாம் இல்லை, கூடவே வேலை பார்க்கும் எனக்குத் தெரியும். கிருத்திகைக்கு ஊரே மலையேறும்போது இவள் எங்கள் மாடிப்படியை ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள்.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தையல் போடும்முன் காயத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். புபிவகெய்ன், ரோபிவகெய்ன் இரண்டில் எது அதிக நேரம் வலியை அடக்குகிறது என்று மயக்க மருந்து டாக்டர் சுசித்ரா ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு எந்த மருந்து என்பது எங்களுக்குத் தெரியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்டு யோகலட்சுமி எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்க முடியாது. நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் முடிந்திருந்தார்கள். கூடுதல் வேலை கொடுத்தவர்கள் கூடுதல் ஆள் கொடுக்கவில்லை. எனக்குத்தான் எரிச்சலாக வரும். இவள் வாயே திறக்க மாட்டாள்.

அடுத்து வந்தவர் தாயாரம்மாள், ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். கர்ப்பப்பை எடுத்த மறுநாள் காலையிலிருந்து மூன்று முறை கேட்டும் "ஒண்ணுதாம்மா" என்றார். மாலையில், நெஞ்சில் சளி கட்டாமலிருக்க இருமச் சொன்னாள் யோகலட்சுமி. அந்த அம்மா தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டார். இருமல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

"இவ்ளோ வலிய வச்சுகினு ஏம்மா ஒண்ணுன்னு சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துதாம்மா. தறி ஓடுற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நாங்க மூஞ்சியப் பாத்தே பேசிக்குவோம். நீயே நிக்க முடியாம நின்னுகினு கீற. எட்டுன்னு சொன்னா ஊசி எடுக்கத் திரும்ப ஓடுவ. எதுக்குன்னு உட்டுட்டேன்."

யோகலட்சுமி உடனே டாக்டர் எழுதிவைத்திருந்த வலி ஊசியைப் போட்டாள். அந்த அம்மா கண்ணயரும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு வலிக் கணக்கு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு சுசித்ராவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். நானும் கூடவே போனேன்.

"சரி, இவங்கள கணக்குலேருந்து எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "மத்த முப்பத்தெட்டுப் பேர் சொன்னது சரிதானே?"

யோகலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல மேடம். அவங்க எல்லாராண்டயும் இதே மூஞ்சியோடதான் போனேன்."