மேனேஜர் அழகேசனின் கதவு

அழகேசனுக்கு மேனேஜர் பதவி மேல் ஆசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் ஆசைப்பட்டது ஒரு கதவுக்கு. ஜூரோங்கில் எங்கள் சரக்குக் கம்பெனியின் நான்காவது மாடியில், மேனேஜர் மிஸ்டர் டான் உட்கார்ந்திருந்த அறையின் கதவு. அதற்கு நேர் எதிரே பதினேழு வருஷமாக அழகேசனின் மேசை. பக்கத்து மேசை என்னுடையது. அந்தக் கதவை அவர் பார்த்த பார்வையை அவர் மனைவி லீலா பார்த்திருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்கும்.

மிஸ்டர் டானிடம் கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் வெளியே நின்று தட்டவேண்டும். உள்ளிருந்து உடனே பதில் வராது. பதில் வந்து உள்ளே போனால் உட்காரச் சொல்வார். ஏர்கான் ரிமோட்டைக் கையில் எடுத்து, குளிருகிறதா என்று கேட்பார். ஆமாம் என்றால் தலையாட்டிவிட்டு, ஒன்றையும் அழுத்தாமல் ரிமோட்டைத் திரும்ப மேசையில் வைப்பார். "அதுதான் உமா, அதிகாரம்," என்பார் அழகேசன், மெய்மறந்து.

அந்த அதிகாரத்துக்காக அவர் தன் சனிக்கிழமைகளை எல்லாம் கொடுத்தார். அரசாங்கம் படிப்புக்கென்று தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் தலைமைத்துவம், குழு நிர்வாகம், கடினமான உரையாடல்களைக் கையாளுதல் என்று மூன்று சான்றிதழ் வாங்கினார். மூன்றாவது சான்றிதழை வைத்துக்கொண்டும், புக்கிட் பாஞ்சாங் வீட்டு அலமாரியில் தன் ஃபைல்களுக்கு ஒரு தட்டு இடம் லீலாவிடம் கேட்டு வாங்க அவரால் முடியவில்லை.

போன வருஷக் கடைசியில் மிஸ்டர் டான் ஓய்வு பெற்றார். ஜனவரியிலிருந்து நீங்கள்தான் என்று மேலிடம் அழகேசனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது. அது போதாதா? சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேலை எடுத்துப் போய்க் கதவை அளந்தார். லிட்டில் இந்தியாவில் பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தார். அது கைக்கு வந்ததும் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போய், அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் வைத்து நீட்டினார். குருக்கள் பெயர் கேட்டார். "மேனேஜர் அழகேசன்," என்றாராம். நட்சத்திரம் மட்டும் ஞாபகம் வரவில்லையாம். இதை லீலாதான் எனக்குச் சொன்னாள்.

அந்த வாரம்தான் சென்னையிலிருந்து ஸ்ரீநாத் வந்து சேர்ந்தார். முப்பத்திரண்டு வயது. மாற்றத்துக்குப் பொறுப்பாளர் என்று பதவி. எதுவும் மாறாவிட்டால் தன் வேலை போய்விடும் என்பதால் வந்த கையோடு ஆரம்பித்துவிட்டார்.

"அழகேசன், ஸ்டாஃப் நீங்க சொன்னாதான் கேப்பாங்க. ப்ரெசென்டேஷனை நீங்களே பண்ணிடுங்க. ஸ்லைட்ஸ் நான் அனுப்பறேன்."

அழகேசன் உருகிவிட்டார். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஸ்லைட் வந்தது எட்டு ஐம்பதுக்கு. அதைப் படித்துப் பார்ப்பதற்குப் பதிலாக அவர் டையைச் சரிசெய்தார்.

முதல் பதினொரு ஸ்லைடும் மாற்றத்தை வரவேற்பது பற்றி. "பயப்படாதீங்க லா, மாற்றம்னா வளர்ச்சி," என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். பன்னிரண்டாவதில் நான்காவது மாடியின் புது வரைபடம். மிஸ்டர் டான் அறை இருந்த இடத்தில் ஒரு நீள மேசை, எட்டு நாற்காலி, ஒரு காபி மெஷின். அழகேசன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசித்தார்.

"ஸோ... இனிமே யாருக்கும் ரூம் கிடையாது. சொந்த மேசையும் கிடையாது. எல்லாரும் ஒண்ணு."

ஸ்ரீநாத் முதலில் கைதட்டினார், பிறகு நாங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பதவி சொன்னபடி ஜனவரியில் வந்தது, இருபத்தேழாம் நம்பர் லாக்கரோடு. மேனேஜர் தினமும் ஃபோன் ஆப்பில் பதிவுசெய்து மேசை பிடித்தார். அறை இருந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பிடித்தார். மூன்றாம் வாரம் ஆப் புத்தி சொன்னது: ஒரே இடத்தில் உட்காருவது குழு உணர்வுக்கு நல்லதல்ல. அதன்பின் ஒருநாள் ஜன்னலோரம், ஒருநாள் கழிப்பறைப் பக்கம். கையெழுத்து வேண்டுமென்றால் முதலில் மேனேஜரைக் கண்டுபிடிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்.

இந்தத் தீபாவளிக்கு முறுக்கு டப்பாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். லீலா கதவைத் திறந்தாள்.

"அண்ணன் எங்கே?"

"ஆபீஸ்ல."

"இன்னிக்கு பப்ளிக் ஹாலிடே லா."

லீலா சமையலறைப் பக்கம் கைகாட்டினாள். அங்கே, அரசாங்கம் வீட்டோடு சேர்த்துக் கட்டித் தந்த வெடிகுண்டுப் புகலிட அறை. குண்டு விழாதவரை எல்லார் வீட்டிலும் அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் கிடக்கிற இடம். அதன் கனமான இரும்புக் கதவில் பித்தளைப் பலகை மின்னியது. அந்தக் கதவில் துளை போடக்கூடாது என்பது விதி. விதியை மதிக்கிறவர், இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருந்தார்.

"வெங்காயம் எடுக்கணும்னாலும் தட்டிட்டுத்தான் போகணும்," என்றாள் லீலா. "அந்த மீட்டிங் அன்னிக்குச் சாப்பிடாமப் படுத்துட்டாரு உமா. மனசு கேக்கல. நான்தான் சாமானை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன்."

தட்டினேன். உடனே பதில் வரவில்லை. காத்திருந்தேன்.

"கம் இன்."

மடக்கு மேசைக்குப் பின்னால், கைவைத்த நாற்காலியில், புதுச் சட்டையோடு அழகேசன். மேசைமேல் லேப்டாப் மூடிக் கிடந்தது. உள்ளே ஒரே புழுக்கம். உட்காரச் சொல்லி அரிசி மூட்டையைக் காட்டினார்.

"சொல்லுங்க உமா, என்ன விஷயம்?"

கேலி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"தீபாவளி வாழ்த்து சொல்லலாம்னு வந்தேன், சார்."

பதினேழு வருஷமாக நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் மேசைமேலிருந்த குட்டி ஃபேனை என் பக்கம் திருப்பினார்.

"காத்து வருதா?"

வருது என்றேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து போகும்வரை ஃபேனைத் தன் பக்கம் திருப்பவில்லை.