கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

கண் மங்கின பிறகுதான் இந்தக் கண்ணாடிப் போன் எனக்கு வந்து வாய்த்தது. பழைய போனில் நடு எண்ணின் மேல் சின்னக் குமிழ் இருக்கும். அதைத் தடவியே மற்ற எண்களைப் பிடித்துவிடுவேன். பள்ளிக்கூடம் போகாத எனக்கும் அது புரிந்தது. இதில் தடவ என்ன இருக்கிறது? கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழுக்குகிறது. பத்தமடையில் இருக்கும் தங்கச்சியோடு நானாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

தொட்டால் பேசும்படி மகன் ஏதோ செய்து வைத்தான். அதுவா, வாயை மூடுவதே இல்லை. விரல் பட்டதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "இயக்க இருமுறை தட்டவும்" என்கிறது. பையத் தட்டினால் கேட்காது. வேகமாகத் தட்டினால் வேறெதையோ திறக்கும். ஒருநாள் தங்கச்சி என்று நினைத்துத் தட்டினேன். "அண்ணாச்சி, யூரியா இன்னும் வரலை" என்றார் உரக்கடைக்காரர்.

என் சம்சாரம் பொறுக்கமாட்டாமல், தங்கச்சி பேர் வரும் இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள்.

"இந்தா, இதத் தடவிப் பாத்து ரெண்டு தட்டு தட்டுங்க. காலையில இருந்து அதோட மல்லுக்கட்டுதிய."

தங்கச்சி குரல் கேட்டது. சாயங்காலம் மகன் வந்தான்.

"ஏம்ப்பா, போனுக்குப் பொட்டு வச்சிருக்கிய? பூசை போடப் போறியளா?" சிரித்துக்கொண்டே நகத்தால் பெயர்த்தான். "எங்கிட்டச் சொன்னா நான் போட்டுத் தாரேன்லா."

என் சின்ன வயதில் எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, பிறவியிலேயே கண் தெரியாதவர். ஒரு கார் நெல் அறுப்பு முடிந்து அப்பா ரேடியோ வாங்கினார். அந்த வருஷம் மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்ததா, மழையிலேயே விளைந்ததா, நினைவில்லை. ரேடியோவில் நிலையம் காட்டும் முள் கண்ணாடிக்குள் ஓடும், தொட முடியாது. மாமா அதை நகர்த்தும் திருகில் ஒரு பொட்டு மெழுகை ஒட்டினார். இடதுகோடியிலிருந்து திருகி, மெழுகு விரலில் தட்டுவதை எண்ணி, இலங்கை வானொலிப் பாட்டைப் பிடித்துவிடுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா பார்த்தது மெழுகைத்தான். சுரண்டி எறிந்தார்.

"ஏலே மாப்ள, புது ரேடியோவ இப்பிடியா அசிங்கம் பண்ணுவ? என்ன வேணும்னு சொல்லு, ஒம் மருமவன் திருகி வச்சுத் தருவான்."

"சரி, அத்தான்" என்றார் மாமா.

அந்த மருமகன் நான்தான். எனக்கு ஒரே குஷி. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் திருகைப் பிடித்தபடி காத்திருப்பேன். மாமா என்னிடம் போடச் சொல்லிக் கேட்கவே இல்லை. தொழுவத்தில் போய் மாட்டுப் பக்கம் படுத்துக்கொள்வார். அவருக்குப் பாட்டு சலித்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.