மூன்று புள்ளி வைத்த திருகு

புதுச்சத்திரத்தில் நவநீதகிருஷ்ணன் ஊடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கிட்டார்க்காரன் ஊடு என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். சேந்தமங்கலத்துச் சென்னியம்மாளுக்கு நாலு மக்கள். அதில் மூன்றாவது சின்னண்ணன். சின்னண்ணனுக்கு ஒரே பையன் இந்த நவநீதன். அந்த வகையறாவில் பாட்டென்று ஒன்று யாருக்கும் வந்ததில்லை. சின்னண்ணன் எருமை ஓட்டிக்கொண்டு போகும்போது சீட்டி அடிப்பார், அதோடு சரி.

கிணறு வற்றிக் கைவிட்ட வருஷம் சின்னண்ணன் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பையனை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் கொண்டுபோய் விட்டார். தகரம் அடிக்கிற வேலை. கூண்டுக்குத் தகரத்தைப் பொருத்திச் சுத்தியலால் அடிப்பார்கள், வெல்டிங் வைத்த இடத்தைக் கிரைண்டரால் தேய்ப்பார்கள். உள்ளே போனால் பேச்சு கிடையாது, எல்லாம் கைஜாடைதான். ஒரு விரல் தூக்கினால் நிறுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ வந்துவிட்டது.

கிட்டாரையும் அந்தப் பட்டறைதான் கொடுத்தது. பாடி கட்ட வண்டி விட்ட வடநாட்டு டிரைவர் ஒருத்தன், வேலை முடிகிற வரைக்கும் அங்கேயே படுத்துக் கிடந்தான். அவனிடம் ஒரு கிட்டார் இருந்தது. பாஷை தெரியாத இவனும் பாஷை தெரியாத அவனும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து விரல் பழகினார்கள். வண்டி கிளம்பும்போது டிரைவர் கிட்டாரை இவன் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகு வசந்தாமணியைக் கட்டினான். அவள் தம்பி அருணகிரி மைக் செட் வைத்திருந்தான். மாமனும் மச்சானும் சேர்ந்து ஒரு இசைக்குழு ஆரம்பித்தார்கள். கல்யாண ரிசப்ஷன், கோயில் நோம்பி, காதுகுத்து என்று சுற்று வட்டாரமெல்லாம் போனார்கள். நவநீதன் பகலில் தகரம், பொழுதோடு கிட்டார் என்று இருந்தான். தலை நரைத்து, பெண் சண்முகப்பிரியா நர்சிங் படிக்கிற வயசுக்கு வந்த பிறகும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்தக் கோளாறு தொடங்கியது.

காலையில் எழுந்ததும் கிட்டாரை ஆம்ப் பெட்டியில் சொருகி நாலு வாசிப்பு வாசிப்பது அவன் பழக்கம். ஒரு நாள் சத்தம் பதமான பாகு மாதிரி விழும். மறுநாள் அதே கம்பி, அதே பெட்டி, அதே விரல். சாக்கைப் போட்டு மூடின மாதிரி மந்தமாக வரும். முதலில் கம்பியைச் சந்தேகப்பட்டான். புதுக் கம்பி மாற்றினான். ரெண்டு நாள் பளிச்சென்று இருந்தது, மூன்றாம் நாள் மறுபடியும் சாக்கு. அடுத்து கரண்டைச் சந்தேகப்பட்டு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டான். பக்கத்து ஊட்டு அத்தாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏஞ்சாமி, பிரிட்ஜு வாங்கீட்டியாட்டம் இருக்குது, கொஞ்சம் ஐஸ் தண்ணி குடு" என்று கேட்டது. மழைக்காலத்தில் ஈரத்தைச் சந்தேகப்பட்டு, கிட்டாரை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

ஒன்று மட்டும் அவனுக்குத் தட்டுப்பட்டது. அமாவாசைக்கு மறுநாள் காலையில் சத்தம் எப்போதும் நன்றாக இருந்தது. லாரிக்காரர்கள் அமாவாசைக்கு வண்டியைக் கழுவிச் சூடம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்குகிற ஊர் இது. இவனும் பார்த்தான், கிட்டாருக்குப் பொட்டு வைத்தான், பெட்டிக்கு முன்னால் சூடம் காட்டினான். மறுநாள் கிட்டார் பாகாக விழுந்தது. அப்புறம் அமாவாசை தவறவிடுவதில்லை. பட்டறைக்கு அமாவாசை லீவு என்பதை அவன் இதோடு சேர்த்து நினைக்கவே இல்லை.

அப்படியொரு நல்ல காலையில்தான் கீச்சுச் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ட்ரெபிள் திருகு நின்ற இடத்துக்கு நேராகச் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தான். லாரிக்கு அடிக்கிற பெயிண்ட்; ஜென்மத்துக்கும் போகாது. இனிமேல் சத்தம் எங்கே போகும் பார்க்கலாம் என்று நினைத்தான். ஒரு வாரத்தில் சிவப்புப் புள்ளியில் நின்றும் சத்தம் சாக்குக்குள் போய்விட்டது. திருகை ஏற்றி, கேட்கிற இடத்தில் மஞ்சள் புள்ளி வைத்தான். ஆறு மாசம் கழித்து அதற்கும் மேலே பச்சை. ஒரே பெட்டிக்கு மூன்று புள்ளி. புள்ளி நகரவில்லை, சத்தம் நகர்ந்துகொண்டே இருந்தது. அப்படியானால் உள்ளே யாரோ கை வைக்கிறார்கள்.

பெட்டி ஊட்டிலிருந்து கிளம்பினால் அருணகிரியின் வண்டியில்தான் போகும், வரும். இந்த நினைப்பு நவநீதனின் மனசில் விழுந்துவிட்டது. விழுந்ததை அவன் யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்திருந்தான். அது பெருத்தது.

சேந்தமங்கலத்தில் ஒரு ரிசப்ஷன். அதற்கு முந்தின வாரம் முழுக்க பட்டறையில் அவசர வேலை. அன்றைக்கும் மத்தியானம் வரைக்கும் கிரைண்டர் பிடித்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு மேடையேறினான். முதல் பாட்டிலேயே கிட்டார் சாக்குக்குள் இருந்தது. பச்சைப் புள்ளிக்கு ஏற்றினான். கேட்கவில்லை. அதையும் தாண்டிக் கடைசி வரைக்கும் திருகினான். முன்வரிசையில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. மாப்பிள்ளையின் தாத்தா காது மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அருணகிரி கிட்டார் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டான்.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால், பந்திக்குப் போகிற வழியில், நவநீதன் மச்சானின் கையைப் பிடித்தான்.

"என்ற பெட்டியில என்னடா பண்ணி வெச்சிருக்கற?"

"மாமா, கீழ வந்து பேசலாமுங்க. சனம் பாக்குது."

"பாக்கட்டும். நான் புள்ளி வெச்சிருக்கறன்டா. புள்ளி புள்ளியாட்டமே இருக்குது, சத்தம் எங்க போச்சு? உம்பட பையன் கீபோர்டு பழகறான்னு சொன்னாங்க. அவனுக்கு எடம் பண்றதுக்கு எம்பட கிட்டார ஊமையாக்கறயா?"

சோற்றுக் குண்டானைத் தூக்கிப் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அருணகிரி பிடிபட்ட கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னான். மறுநாள் ஒரு ஆட்டோவில் பெட்டி வந்து இறங்கியது. அவன் வரவில்லை.

வசந்தாமணி அதற்கப்புறம் புருஷனிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். தைப்பொங்கலுக்குத் தம்பி ஊட்டிலிருந்து கரும்பும் புதுச்சீலையும் வருகிற வழக்கம் அந்த வருஷம் நின்றது. அவள் வாசலில் கோலம் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்து நின்றதை அவனும் பார்த்தான்.

மாசியில் பட்டறைச் சாரத்திலிருந்து கால் சறுக்கி, கணுக்கால் பிசகிவிட்டது. ஊட்டில் கிடந்தான். வேறு வேலையில்லாமல் கிட்டாரை எடுத்தான். மூன்றாம் நாளிலிருந்து சத்தம் தெளிய ஆரம்பித்தது. பச்சைப் புள்ளியில் காதைக் கிழித்தது. மஞ்சளுக்கு இறக்கினான். அதுவும் அதிகமாகப்பட்டது. இன்னும் ஒரு வாரம் போனதும் சிவப்புப் புள்ளிக்குச் சற்று மேலேயே பாகாக விழுந்தது. அமாவாசை இன்னும் வரவில்லை. சூடம் காட்டவில்லை. பெட்டியை யாரும் தொடவில்லை. அருணகிரி அந்தத் தெருப்பக்கம் வந்து மாசக்கணக்காயிற்று.

அவனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாசித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் பாட்டைப் பாதியில் நிறுத்தி, மூன்று புள்ளியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

கால் தேறிப் பட்டறைக்குப் போன முதல் நாள், திரும்பி வந்து கையைக்கூடக் கழுவாமல் கிட்டாரைச் சொருகினான். சாக்கு. அடுக்களையைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"வசந்தா, நேத்து வாசிச்சதுக்கும் இன்னைக்கு வாசிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"எனக்கு எப்பவுமே ஒண்ணாட்டத்தான் இருந்துச்சு" என்றாள். கொஞ்சம் நின்று, "நீங்க என்னைய எப்பங் கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சேலத்தில் காது பரிசோதிக்கிற இடத்துக்குச் சண்முகப்பிரியா கூட்டிப்போனாள். அங்கே நாஸியா என்று ஒரு பெண், அம்மாபேட்டைக்காரி, கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினாள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள். ஆரம்பத்தில் அமுக்கினான். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவள் அந்தப் பக்கம் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

"கீச்சுன்னு சன்னமான சத்தந்தாண்ணே முதல்ல போகும்" என்றாள் வெளியே வந்து. "இரைச்சல்ல வேலை செஞ்சா காது களைச்சிரும். ராத்திரி தூங்கினா கொஞ்சம் தேறும், ரெண்டு நாள் லீவு விட்டா இன்னுங் கொஞ்சம் தேறும். சளி பிடிச்சாலும் மாறும், தூக்கம் கெட்டாலும் மாறும். கிட்டார் மாறலண்ணே."

"போறது திரும்பி வந்துருதில்லம்மா?"

"வருது. போனது அத்தனையும் வர்றதில்ல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அங்கயே தங்கிரும். இனிமேயாச்சும் காதுக்கு அடைப்பான் போடாம பட்டறைக்குள்ள போகாதீங்க."

பஸ்ஸில் வரும்போது சண்முகப்பிரியா, "பட்டறைய விட்டுருங்கப்பா" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் கிடந்தது. வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது. மூன்று புள்ளியையும் நினைத்துப் பார்த்தான். அவன் பெட்டியை அளந்ததாக நினைத்திருந்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தன் காது இறங்கின படிகளுக்குத் தானே பெயிண்ட் அடித்து வைத்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருணகிரி ஊட்டுக்குப் போனான். அருணகிரி வாசலில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா" என்றான். பழைய குரலில்லை; ஆனாலும் எழுந்து நாற்காலி போட்டான்.

நவநீதன் சுற்றி வளைக்கவில்லை. சேலத்தில் சொன்னதைச் சொன்னான். "நீ கை வெக்கல. நாந்தான் தப்பாப் பேசிப்போட்டன்" என்றான்.

அருணகிரி ஒயரைக் கீழே வைத்தான். "கை வெச்சனுங்க மாமா" என்றான். "பெட்டியில இல்ல, மிக்ஸர்ல. நாலஞ்சு வருசமாவே. நீங்க மேடையில ஏத்த ஏத்த நான் அங்க எறக்கிக்கிட்டே இருந்தேன். சனத்துக்குச் சரியாப் போயிட்டிருந்துச்சு. அன்னைக்கு நீங்க ஒரேயடியாக் கடைசிக்குத் திருகீட்டீங்க, எங்கையில அதுக்குமேல எறக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல மாப்ள?"

"என்னன்னு சொல்றது? உங்க காது போயிருச்சுன்னா? கிட்டார்க்காரர்கிட்டயா?"

நவநீதன் கீழே கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். இப்போது கிட்டார் யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டான். யாருமில்லை, லேப்டாப்பில் டிராக் போட்டு ஓட்டுகிறோம் என்றான் அருணகிரி. கீபோர்டு பழகுகிற பையனைப் பற்றி அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பட்டறை விட்ட பிறகு, அருணகிரி புதுச்சத்திரத்துக்கு வந்தான். வேண்டுமென்றே பட்டறை நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தான் நவநீதன். துணியைப் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்து மூன்று புள்ளிகளையும் தேய்த்தான். மஞ்சளும் பச்சையும் போயின. சிவப்பு மட்டும் கறையாக நின்றது. "நீ வெய்யி" என்று பெட்டியைக் காட்டினான். அருணகிரி குனிந்து, காதைச் சாய்த்து, திருகை இறக்கி நிறுத்தினான்.

நவநீதன் வாசித்தான். அவனுக்குச் சாக்குக்குள் யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. வலது கை தானாகத் திருகுப் பக்கம் போனது. பாதியில் திரும்பிக் கம்பிக்கே வந்தது. வசந்தாமணி மிக்ஸியை நிறுத்திவிட்டு நிலைப்படியில் வந்து நின்றாள். தம்பியைப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து, "எப்பிடி இருக்குது?" என்று கேட்டான்.

"நல்லாருக்குதுங்க" என்றாள்.

அவள் சொன்னதை அவன் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது பட்டறைக்குள் காதில் அடைப்பானோடுதான் போகிறான். காது குத்தி விட்டார்களா, தோடு எங்கே என்று கேலி பண்ணுகிறவர்கள் பண்ணுகிறார்கள். போனது வரவில்லை. அமாவாசைக்கு மறுநாள் காலையில்கூடப் பாகு விழுவதில்லை. கொஞ்சம் மெல்லிய சாக்காக இருக்கிறது, அவ்வளவுதான்.

வைகாசியில் ராசிபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அவனை மறுபடி கூட்டிப்போனார்கள். மேடையில் அவன் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. விரல் பழகின வழியிலேயே போனது. கண் முழுக்க மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அருணகிரியின் கைமேல் இருந்தது. இரண்டாம் பாட்டின் நடுவில் அருணகிரி உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான். நவநீதன் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாக வாசித்தான். பட்டறையில் பேசுகிற அதே ஜாடை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை.